வெளிப்பழம் உள்ளே வரக்கூடாது

கேரவனில் குடியிருப்பது ஜாலியாக இருக்குமே என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்கிறவர்கள் ஒருவரும் மழை நாளில் அதற்குள் நின்று ரசம் தாளித்துப் பார்த்ததில்லை. கடுகு வெடித்த மறு நொடி தலைக்கு மேலே புகை அலாரம் அலறும். ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் சாப்பாட்டுத் தட்டு. தட்டால் அலாரத்துக்கு விசிறிக்கொண்டே ரசத்தை இறக்க வேண்டும். அவர் எழுந்து நின்றால் நான் உட்கார வேண்டும், நான் எழுந்தால் அவர் உட்கார வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிற்க அங்கே இடம் கிடையாது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் இவ்வளவு நெருக்கமாக நாங்கள் இருந்ததே இல்லை. இவ்வளவு சண்டையும் போட்டதில்லை.

மெல்பர்ன் ட்ருகனினாவில் எங்களுக்கு நான்கு படுக்கையறை வீடு இருக்கிறது. இப்போது அதில் வேறொரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. என் கணவர் வேலை பார்த்த கம்பெனி அவருடைய டீமையே ஒருநாள் காலையில் இழுத்து மூடிவிட்டது. அவருக்கு அப்போது ஐம்பத்து நான்கு. அடுத்த ஒரு வருஷம் இன்டர்வியூ, இன்டர்வியூ, இன்டர்வியூ. எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டவர்களுக்கெல்லாம் எங்கள் மகள் வயது. கடைசியில் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற, யாரோ பயன்படுத்திய ஒரு கேரவனை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். "கொஞ்ச நாளைக்கு ஆஸ்திரேலியாவைச் சுத்திப் பார்ப்போம்" என்றார். ஊரிலும், கோயிலிலும், வாட்ஸாப் குரூப்பிலும் இதையேதான் சொல்லி வைத்தார். சுத்திப் பார்த்தோமாம்! ஊர் ஊராகப் பழம் பறிக்கிற கூலி வேலைக்குப் போனோம். நவம்பரில் செர்ரி, பிப்ரவரியிலிருந்து ஆப்பிள், குளிர்காலத்தில் மாண்டரின் ஆரஞ்சு. நான் பார்த்த ஆஸ்திரேலியா முழுக்க மரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்ததுதான்.

இறங்குகிற ஒவ்வொரு இடத்திலும் அவர் முதலில் செய்கிற காரியம், கொத்தனார் மாதிரி ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு கேரவனைச் சுற்றி வருவது. சக்கரத்துக்கடியில் ஒரு கட்டை வைப்பார், எடுப்பார், மறுபடி வைப்பார். இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்து, எனக்கு ஒரு வாய் காபி கிடைக்காதா என்று உட்கார்ந்திருப்பேன். "இன்னும் அரை டிகிரி இருக்கும்மா" என்பார். அரை டிகிரி சாய்ந்தால் தோசை மாவு வழிந்தா போய்விடும்? கழிவறைப் பெட்டியை வாரம் இரண்டு முறை இழுத்துக்கொண்டு போய்க் கொட்டிக் கழுவுவதும் அவர்தான். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம் வரும். மூக்கைச் சுளிக்காமல் செய்வார், வந்து கையைக் கழுவிவிட்டு ரசமட்டத்தை மறுபடி எடுப்பார்.

இந்த வருஷம் ஆப்பிளுக்கு மெல்பர்னுக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் ஒரு பெரிய தோட்டத்துக்குப் போனோம். தோட்டத்துக்குள்ளேயே கேரவனை நிறுத்திக்கொள்ள இடமும் மின்சாரமும் கொடுத்தார்கள். வேலை என்னவோ அதேதான். வயிற்றுக்கு முன்னால் ஒரு பெரிய பை. ஏணியில் ஏறி, காம்பு பிய்யாமல் பறித்து, பை நிறைந்ததும் இறங்கி, மரப்பெட்டிக்குள் குனிந்து, பையின் அடிப்பக்கத்தைத் திறந்து அடிபடாமல் உருட்டிவிட வேண்டும். மறுபடி ஏணி. மார்ச் முதல் வாரத்தில் என் வலது முழங்கால், "போதும்டி அம்மா, இனி என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டது. காலையில் படுக்கையிலிருந்து இறங்கவே அவர் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஏணியில் மூன்றாவது படிக்கு மேல் போனால் கண்ணில் தண்ணீர் வந்தது.

அப்போதுதான் ஷெட் வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டேன். பறித்த ஆப்பிளைக் குளிர் அறையில் மாதக்கணக்காக வைத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குகிற வேலை. கூரைக்குக் கீழே, சமதரையில், ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று செய்வது. ஏணியே கிடையாது. முக்கியமான விஷயம், அறுவடை முடிந்தாலும் ஷெட் ஓடிக்கொண்டே இருக்கும். பத்து மாசம் ஒரே இடம். கேரவனை அவிழ்க்க வேண்டாம், மாட்ட வேண்டாம், ரசமட்டத்தைப் பார்க்க வேண்டாம். ஷெட்டில் வேலை செய்த, இலங்கையிலிருந்து வந்த மன்னார்ப் பிள்ளை ஒருத்தி மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்தாள். "அக்கா, உள்ளுக்கு ஒரு ஆள் எடுக்கினம். நான் உங்களைச் சொல்லியிருக்கிறன்" என்றாள். அவளை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டேன். இரண்டு வருஷத்தில் எனக்காக நான் ஆசைப்பட்ட ஒரே விஷயம் அது. கிடைக்காவிட்டால் என்ன என்பதும் தெரிந்தே இருந்தது. மறுபடி ஏணி, அல்லது மாண்டரினைத் தேடி அடுத்த ஊர். அந்த முழங்காலோடு இரண்டுமே நடக்காது.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சிட்னி டூங்கபியில் இருக்கிற நாத்தனார் போன் செய்தபோது சொல்லித் தொலைத்தேன். "உங்களுக்கென்ன அண்ணி, கொடுத்து வெச்சவங்க! நாங்க இங்க டிராஃபிக்ல மாட்டிட்டுச் சாகறோம். நீங்க ரெண்டு பேரும் ஆப்பிள் தோட்டத்துல ராஜா ராணி மாதிரி இருக்கீங்க. இப்ப நிழல்ல வேலையும் கிடைக்கப் போகுதா!" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மறுநாள் கேரவன் ஃபிரிட்ஜ் செத்துப்போனது. அதற்கு இரண்டு நாள் கழித்து ஒரு சக்கரத்தில் காற்று இறங்கி, கேரவன் நிஜமாகவே ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அவர் ஏணியிலிருந்து வழுக்கி மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டார். இதற்கெல்லாம் மேலே சூப்பர்வைசர் அம்மா என்னைக் கூப்பிட்டு, ஷெட் விஷயம் முடிவாக இன்னும் ஒரு வாரம் ஆகும், வேறு ஒருத்தியும் கேட்டிருக்கிறாள் என்றாள். இதற்குப் பிறகும் கண் பட்டிருக்கிறது என்று புரியாவிட்டால் நான் என்ன மனுஷி? அவரிடம் சொன்னேன். "ஃபிரிட்ஜுக்கு வயசு பன்னெண்டு" என்றார். இந்த மாதிரி பதில் சொல்ல மட்டும் மனுஷனுக்கு வாய் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. கேரவனை விட்டுவிட்டுக் காரில் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போனோம். அவர் பெயருக்கும் என் பெயருக்கும் அர்ச்சனை செய்தேன். அம்மன் சந்நிதியில் நானாகவே கேட்டு, பாதத்தில் வைத்திருந்த ஒரு எலுமிச்சம்பழத்தை வாங்கிக்கொண்டேன். வருகிற வழியில் இந்தியக் கடையில் பச்சை மிளகாய். அவர் காரிலேயே உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். மிளகாயும் பழமும் என் கைப்பைக்குள் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தன.

தோட்டத்து வாசலில் ஒரு பெரிய பலகை. பழ ஈயின் படம், மேலே சிவப்புக் கோடு. வெளியிலிருந்து எந்தப் பழமும் காய்கறியும் உள்ளே வரக்கூடாது. ஒரு பழத்துக்குள் ஒரு முட்டை இருந்தால் போதும், அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கத் தோட்டங்கள் பாழாகிவிடும் என்று முதல் நாளே உட்கார வைத்துச் சொன்னார்கள். சமையலுக்கு வேண்டிய காய்கறியை உள்ளேயே இருந்த சின்னக் கடையில்தான் வாங்க வேண்டும். இரண்டு பேரும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டிருந்தோம். பலகைக்குக் கீழே ஒரு மஞ்சள் தொட்டி, கொண்டுவந்ததைப் போட்டுவிட்டுப் போவதற்கு. அவர் காரை நிறுத்தி அர்ச்சனைப் பையைத் திறந்தார். ஆறு வாழைப்பழம். பிரசாதத்தைக் குப்பையில் போடலாமா? ரோட்டோரம் வெயிலில் நின்றுகொண்டு ஆளுக்கு மூன்றாகத் தின்று தீர்த்தோம். தோலை மட்டும் தொட்டியில் போட்டார். "இன்னும் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லை" என்றேன்.

நீங்களே சொல்லுங்கள். தொட்டிக்குள் அழுகிப்போன பீச் பழமும் யாரோ கடித்துப் போட்ட தக்காளியும் நாறிக்கொண்டு கிடக்கின்றன. அம்மன் காலடியில் இருந்த பழத்தை அதற்குள் எப்படிப் போடுவேன்? எலுமிச்சையைத் தின்னவும் முடியாது. அங்கேயே தண்ணீர் பாட்டிலில் பிழிந்து குடித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது இந்த அறிவு எந்த ஊருக்குப் போயிருந்ததோ.

அன்று சாயங்காலம் அவர் குளிக்கப் போன நேரத்தில் ஊசி நூல் எடுத்து, மிளகாயைக் கோத்து, நடுவில் எலுமிச்சையைக் கோத்து, கேரவனின் முன்பக்கம் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் கட்டினேன். நின்று பார்த்தால் தெரியாது, குனிந்தால்தான் தெரியும். அவர்தான் தினமும் ரசமட்டத்தோடு குனிகிறவர் ஆயிற்றே! மறுநாள் காலையிலேயே பார்த்துவிட்டார். உள்ளே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "இதை எப்படி உள்ள கொண்டு வந்தே? கேட்டேனா இல்லையா வாசல்ல?"

"கேட்டீங்க. இல்லைன்னேன். இப்ப என்ன அதுக்கு?"

"அவுத்துரு. யாராவது பார்த்தா அவ்வளவுதான்."

"ஷெட் விஷயம் முடிவாகட்டும். அன்னிக்கே அவுத்துடறேன்."

 தொப்பியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். இதுதான், இந்த மௌனம்தான் எனக்கு ஆகவே ஆகாது. கத்தியிருக்கலாம். நூலைப் பிடித்து இழுத்து அறுத்துப் போட்டிருக்கலாம். இருபத்தெட்டு வருஷமாக என்னோடு ஒரு முழுச் சண்டை போட்டதில்லை அவர். பாதியில் எழுந்து போய்விடுவார், மீதியை நான் தனியாகப் போட வேண்டும்.

வியாழக்கிழமை சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டாள். திங்கட்கிழமையிலிருந்து ஷெட்டுக்கு வா என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. முழங்கால் வலியோடு கேரவனுக்கு ஓடினேன். "பார்த்தீங்களா, பார்த்தீங்களா! ஃபிரிட்ஜுக்கு வயசு பன்னெண்டாம்ல?" என்று அவரைச் சீண்டினேன். அவரும் சிரித்தார். பாதாம் அல்வா மிக்ஸ் பாக்கெட் ஒன்று வைத்திருந்தேன், அதைக் கிண்டினேன். அலாரம் அடித்தது, அடித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டோம். சாப்பிட்டு முடித்ததும் அவர் மெதுவாகக் கேட்டார், "அப்ப அவுத்துடலாமா?"

வேலை கொடுத்த பழத்தை வேலையில் சேர்வதற்கு முன்னாலேயே அவிழ்ப்பதா? "திங்கட்கிழமை உள்ள போய் நின்னதும் அவுத்துடறேன். மூணே நாள்தானே" என்றேன். பேராசை இல்லாமல் வேறென்ன இது?

வெள்ளிக்கிழமை காலை, ஈப் பொறிகளைச் சோதிக்கிற ஆள் வந்தான். மரங்களில் தொங்குகிற பொறிகளை வாரம் ஒருமுறை பார்ப்பது அவன் வேலை. கேரவன்களுக்குப் பக்கத்திலும் ஒரு பொறி உண்டு. அதைப் பார்க்கக் குனிந்தவன் எங்கள் சிலிண்டர் பக்கம் பார்த்திருக்கிறான். நாங்கள் மரவரிசையில் இருந்தோம். கூப்பிட்டு அனுப்பியபோது ஷெட் வேலைக்குச் சீருடை கொடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நான் சிரித்துக்கொண்டே போனேன், மடச்சி மாதிரி.

ஆபீஸ் மேஜையில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் எங்கள் எலுமிச்சை கிடந்தது. இரண்டாக வெட்டியிருந்தார்கள். மிளகாய் ஒவ்வொன்றையும் நீளவாக்கில் பிளந்திருந்தார்கள். புழு இல்லை, முட்டை இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் சூப்பர்வைசரின் முகத்தில் அந்த நிம்மதி கொஞ்சமும் தெரியவில்லை. எங்கள் கையெழுத்துப் போட்ட தாள்கள் இரண்டையும் பக்கத்தில் எடுத்து வைத்திருந்தாள். கத்தவில்லை. நிதானமாகக் கேட்டாள், "இதை உள்ளே கொண்டு வந்தது யார்?"

 கண் முன்னால் அந்த ஏணி நின்றது, பொய் சொல்லவில்லை, ஏணியேதான். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "நான்தான்" என்றார் என் கணவர். கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன், எங்கள் வழக்கம், வண்டிக்குக் கட்டுவோம், விதி தெரிந்தே செய்தேன், மன்னிக்க வேண்டும் என்று நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் சொன்னார். எந்த இன்டர்வியூவிலும் அவர் அவ்வளவு தெளிவாகப் பேசியிருக்க மாட்டார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "உனக்கு இது தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

அவ்வளவுதான். ஒரே ஒரு சொல். அவள் தாளில் ஏதோ எழுதினாள். அவர் மறுநாள் மதியத்துக்குள் கேரவனை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும், இந்த சீசன் முழுக்கத் தோட்டத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்றாள். என்னைப் பார்த்து, உனக்கு ஷெட் வேலை இருக்கிறது, தொழிலாளர் விடுதியில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது, வேண்டுமானால் இரு என்றாள். இருக்கிறேன் என்று அதற்கும் தலையாட்டினேன்.

மறுநாள் காலையில் சாமான் பிரித்தோம். நான் அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டுக் குக்கருக்காகச் சண்டை போட்டேன். சின்ன குக்கரை என்னிடம் கொடுத்துவிட்டு, அதன் கேஸ்கெட்டைப் பெரிய குக்கர் டப்பாவில் வைத்துவிட்டாராம், அதற்கு ஒரு பாட்டு. "ஒரு வேலை உருப்படியாச் செய்யத் தெரியுதா உங்களுக்கு?" என்று கத்தினேன், பக்கத்து கேரவன்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. அவர் டப்பாவைப் பிரித்து கேஸ்கெட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார். முழங்காலுக்குத் தடவுகிற தைலத்தையும் என் பையிலேயே போட்டார். வண்டி வாசலைத் தாண்டிப் போகும் வரை நான் விடுதிப் படியில் நின்றேன். கையாட்டினேனா என்று ஞாபகமில்லை.

நாத்தனார் அடுத்த வாரமே போன் செய்தாள். "அண்ணி, அண்ணனுக்கு எப்பலேருந்து இந்தக் கிறுக்கு? எலுமிச்சம்பழம் கட்டினாராமே! உங்க வேலைக்கே உலை வெச்சிருப்பார் போல!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். தங்கையிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார். நானும் "என்ன பண்றது, உங்க அண்ணன்தானே" என்றேன். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனால் திருத்தவில்லை.

இப்போது ஷெட்டில் எனக்கு ஐந்தாவது மாசம். முழங்கால் பரவாயில்லை. விடுதியில் மன்னார்ப் பிள்ளையோடு ஒரே அறை. அவர் இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் குளிரில் கொடி வெட்டிக்கொண்டிருக்கிறார். சாப்பாட்டுக்கு முட்டையும் பிரெட்டும். தினமும் வேலை முடிந்ததும் போன் செய்வார். சாப்பிட்டியா, கால் எப்படி இருக்கு, மழையா அங்கே என்பதோடு முடிந்துவிடும். ஒவ்வொரு நாளும் எப்போது திட்டப்போகிறார் என்று காத்துக்கொண்டிருப்பேன். திட்டினால் நானும் பதிலுக்கு நாலு கேட்டு, அழுது, முடித்துவிடலாம். மனுஷன் திட்டவே மாட்டேன் என்கிறார். ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது எனக்கு.

போன வாரம் நானே ஆரம்பித்தேன். "அன்னிக்கு ஆபீஸ்ல..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை.  அவர் சிரித்தார். கேலியாகத்தான், கோபமே இல்லாமல்.

"அந்தம்மா கேட்டு முடிக்கலை, அதுக்குள்ள தெரியாதுன்னுட்டியே! ஒரு நொடி கூட யோசிக்கலையேம்மா நீ."

யோசித்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். யோசிக்கவில்லை. அவருக்கும் அது தெரிந்திருந்தது.